தீவகத்துக்கு வந்தவை – 9: திரையில் உழுத வெளிச்சம்

“வருதோ?”

“இல்லையடா. இன்னும் கொஞ்சம் மேற்காலை திருப்பு.”

“இப்ப?”

“பூச்சிதான் பறக்குது... நில், நில்! ஆள் தெரியுது. கையை எடாதை!”

1980களில் வேலணையிலோ புங்குடுதீவிலோ ஊர்காவற்றுறையிலோ பின்னேரம் தெருவால் நடந்தவர்கள் இந்தப் பேச்சைக் கேட்டிருப்பார்கள். கூரையோரம் உயர்ந்து நிற்கும் இரும்புப் பைப்பை ஒருவர் கட்டிப்பிடித்துத் திருப்புவார். விறாந்தையில் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் இன்னொருவர் குந்தியிருப்பார். இருவருக்கும் நடுவே முற்றத்தில் ஒரு சிறுவன் நிற்பான். உள்ளேயிருந்து வரும் சொல்லை வெளியே எடுத்துக் கொடுப்பது அவன் வேலை. எங்கள் வீட்டில் அந்தச் சிறுவன் நான்தான். பைப்பின் உச்சியில் மீன்முள்ளுப் போல ஓர் அலுமினிய அன்ரனா இருக்கும். உப்புக் காற்றில் அது சாம்பல் பூத்து, வயர் பூட்டிய ஆணி பச்சை பிடித்துவிடும். ஏறி அந்தப் பச்சையைச் சுரண்டித் துடைத்தாலே படம் பாதி தெளிந்துவிடும்.

சென்ற இதழில் வானொலி நம் தீவுகளுக்கு வந்த கதையைப் பார்த்தோம். ஒலி கடல் தாண்டி வருவதை அக்காலத்துப் பெரியவர்கள் ஒருவாறு ஏற்றுக்கொண்டார்கள். வள்ளத்தில் நிற்பவரைக் கரையிலிருந்து கூப்பிட்டால் குரல் கொஞ்சத் தூரமாவது தண்ணீருக்கு மேலால் போகும் என்பது தீவாருக்குத் தெரிந்ததுதானே. ஆனால் ஆள் எப்படி வருவார்? முகமும் சேலையும் பின்னால் நிற்கும் மரமும் எப்படி வந்து சேரும்? எங்கள் அப்பம்மா பெட்டியை முதன்முதல் பார்த்த இரவு இதைத்தான் கேட்டார். அன்று அவருக்கு ஒருவரும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. இந்த இதழை அந்தக் கேள்விக்கே கொடுக்கிறேன்.

பதிலைச் சுருக்கமாக முதலில் சொல்லிவிடலாம். ஆள் வரவில்லை, முழுப் படமும் வரவில்லை. வந்தது ஒரே ஒரு புள்ளியைப் பற்றிய செய்தி: இப்போது வெளிச்சம், இப்போது இருள், இப்போது அரைவெளிச்சம். அந்தச் செய்தி ஒரு செக்கனுக்குப் பல இலட்சம் தடவை மாறி மாறி வந்துகொண்டே இருந்தது. அதைக் கொண்டு பெட்டி ஆளைக் கட்டியெழுப்பியது. எப்படி என்று கேட்டால், வயலுக்குத்தான் போக வேண்டும்.

1921ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் பிலோ பான்ஸ்வேர்த் என்ற 14 வயதுப் பையன் உருளைக்கிழங்குத் தோட்டத்தை உழுதுகொண்டிருந்தான். விஞ்ஞானப் புத்தகம் கிடைத்தால் விடாதவன். ஒரு படத்தை மின்சாரத்தால் தொலைவுக்கு அனுப்ப வழியுண்டா என்று யோசித்தபடி இருந்தவன், திரும்பித் தான் உழுத நிலத்தைப் பார்த்தான். ஒன்றின் பக்கத்தில் ஒன்றாகச் சால்கள். ஒரே கலப்பைதான், ஆனால் சால் சாலாகப் போய் முழு வயலையும் அது உழுதுவிட்டது. படத்தையும் அப்படியே சால் சாலாக வெட்டி அனுப்பலாமே! பள்ளிக்கூடத்தில் இரசாயன ஆசிரியருக்குக் கரும்பலகையில் அதை வரைந்து காட்டினான். பிற்காலத்தில் ஒரு பெரிய கம்பனியுடன் உரிமை வழக்கு வந்தபோது அந்த ஆசிரியரின் சாட்சி பான்ஸ்வேர்த்துக்குக் கைகொடுத்தது. 1927 செப்டெம்பர் 7ஆம் நாள் சான்பிரான்சிஸ்கோவில் பான்ஸ்வேர்த் தன் கருவியால் முதல் படத்தை அனுப்பினார். அது ஒரு நேர்கோடு. அவ்வளவுதான், ஆனால் அது போய்ச் சேர்ந்தது.

நம் விறாந்தைப் பெட்டியும் அந்த உழவைத்தான் செய்தது. அதன் கண்ணாடிக் குழாயின் பின்பக்கம் புனல் போல ஒடுங்கியிருக்கும். அந்த ஒடுங்கிய கழுத்துக்குள் ஒரு சிறு கம்பி சூடேறும். சூடேறிய பிறகுதான் வேலை தொடங்கும். பழைய பெட்டியைப் போட்டவுடன் படம் வராமல் கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டியிருந்ததன் காரணம் இதுதான். சூடான அந்தப் பகுதியிலிருந்து இலத்திரன்கள் புறப்படும். குழாய்க்குள் காற்று இல்லை, வெற்றிடம். ஆகவே தடையின்றி அவை முன்னால் பாயும். கண்ணாடியின் உட்பக்கத்தில் ஒரு பொடி பூசியிருக்கும். இலத்திரன் கற்றை படும் இடத்தில் அந்தப் பொடி ஒளிரும். கழுத்தைச் சுற்றியிருக்கும் கம்பிச்சுருள்கள் மின்காந்தங்களாகி, மாட்டின் நாணயக் கயிற்றை இழுப்பது போலக் கற்றையை இடமும் வலமும் மேலும் கீழும் திருப்பும்.

கற்றை திரையின் இடது மேல்மூலையில் தொடங்கி வலப்பக்கம் போகும். ஓரத்தை அடைந்ததும் அணைந்துவிடும். கலப்பையைத் தூக்கிக்கொண்டு திரும்புவது போல விரைந்து இடப்பக்கம் வந்து அடுத்த சாலைப் பிடிக்கும். கலப்பையை அழுத்தினால் சால் ஆழமாகும், தளர்த்தினால் மேலோட்டமாகும் அல்லவா? கற்றை வலுத்தால் புள்ளி வெள்ளையாகும், தளர்ந்தால் சாம்பலாகும், நின்றால் கறுப்பாகும். எந்த இடத்தில் எவ்வளவு வலு என்பதைத்தான் அன்ரனாவில் வந்த அலை சொல்லிக்கொண்டிருந்தது.

இலங்கையும் இந்தியாவும் பின்பற்றிய முறையில் ஒரு படத்துக்கு 625 சால்கள். ஒரு செக்கனுக்கு 25 படங்கள். பெருக்கிப் பாருங்கள், செக்கனுக்கு 15,625 சால்கள். இதில் ஒரு நுட்பம் உண்டு. உழவு ஒரே ஒழுங்கில் நடப்பதில்லை. முதலில் 1, 3, 5 என்று ஒன்றைவிட்டு ஒன்றாக உழுது கீழே போய், பிறகு மேலே திரும்பி 2, 4, 6 என்று விட்டுப்போன சால்களை உழும். செக்கனுக்கு 25 தடவை மட்டும் திரை ஒளிர்ந்தால் கண்ணுக்கு மினுங்கல் தெரியும். இப்படிப் பாதி பாதியாக 50 தடவை ஒளிர்ந்தால் மினுங்கல் அடங்கிவிடும்.

திரை 40 சென்ரிமீற்றர் அகலம் என்று வைத்துக்கொண்டால், அந்தப் புள்ளி ஒரு செக்கனில் உழுத தூரம் ஏறக்குறைய 6 கிலோமீற்றர். குறிகட்டுவான் துறையில் படகேறி நயினாதீவில் இறங்க நமக்குக் கால்மணி நேரத்துக்குக் குறையாது. புள்ளி ஒரு செக்கன் முடியுமுன் போய்ச் சேர்ந்திருக்கும்.

இங்கே ஓர் ஆச்சரியத்தைக் கவனியுங்கள். கற்றை கடந்து போன இடத்தில் ஒளி உடனே மங்கத் தொடங்கிவிடும். கீழே கடைசிச் சால் உழப்படும்போது மேலே முதற்சால் ஏற்கெனவே அடங்கிவிட்டது. ஆக, அந்தக் கண்ணாடியில் எந்தக் கணத்திலும் முழுப் படம் இருந்ததே இல்லை. வேகமான கமராவால் பழைய ரீ.வி. திரையைப் படம் எடுத்தால் ஒரு பட்டை மட்டும் ஒளிரும், மற்ற இடம் இருண்டு கிடக்கும். அப்படியானால் நாங்கள் பார்த்த முழு முகம் எங்கே இருந்தது?

கார்த்திகை விளக்கீட்டன்று பூந்திரியைக் கொளுத்திக் கையைச் சுழற்றியிருப்பீர்கள். ஒரு பொறிதான் சுற்றுகிறது, ஆனால் முழு வட்டம் தெரிகிறது. கொள்ளிக்கட்டையைச் சுழற்றினால் தெரியும் அந்த நெருப்பு வளையத்துக்குத் தமிழில் கொள்ளிவட்டம் என்று பெயரே உண்டு. கண்ணுக்குள் பட்ட ஒளி உடனே அழிவதில்லை, ஒரு கணம் தங்கும். அது தங்கும் நேரத்துக்குள் அடுத்த சால் வந்துவிட்டால் மூளைக்கு இடைவெளி தெரியாது. அப்பம்மா பார்த்த ஆளின் முகம் பாதி பெட்டியிலும் பாதி அப்பம்மாவின் கண்ணிலும் இருந்தது.

அசைவு வேறு கதை. அதற்கு உங்கள் கொப்பியை எடுங்கள். நெடுந்தீவுக் குதிரை ஒன்று ஓடுவதைத் தாளின் மூலையில் வரையுங்கள். அடுத்த தாளில் காலைக் கொஞ்சம் மாற்றி வரையுங்கள். இப்படி இருபது தாள்கள். பிறகு பெருவிரலால் விறுக்கென்று தட்டிப் பாருங்கள், குதிரை ஓடும். ஒவ்வொரு படமும் அசையாமல்தான் இருக்கிறது. இரண்டு நிலைகளைச் சட்டென்று அடுத்தடுத்துக் காட்டினால் நடுவில் இருக்கும் அசைவை மூளை தானே இட்டு நிரப்புகிறது. 1878இல் கலிபோர்னியாவில் எட்வேர்ட் மைபிரிட்ஜ் என்பவர் வரிசையாகக் கமராக்களை நிறுத்தி ஓடும் குதிரையைத் துண்டு துண்டாகப் படம் பிடித்தார். பாய்ந்தோடும்போது நான்கு கால்களும் நிலத்தை விட்டு எழும் கணம் ஒன்று உண்டென்பதை உலகம் அப்போதுதான் கண்ணால் கண்டது. குதிரைகள் கூட்டமாகத் திரியும் நெடுந்தீவில் வளரும் பிள்ளைகளுக்கும் வெறும் கண்ணால் அந்தக் கணம் பிடிபடாது.

பான்ஸ்வேர்த் மட்டும் இதைக் கண்டுபிடித்தார் என்று நினைக்க வேண்டாம். 1884இல் ஜேர்மனியில் போல் நிப்கோவ் என்ற மாணவர் சுருளாகத் துளையிட்ட தட்டைச் சுழற்றிப் படத்தைக் கோடு கோடாகப் பிரிக்கலாம் என்ற யோசனையை முன்வைத்தார். அந்தத் தட்டை வைத்துக்கொண்டு 1926 ஜனவரி 26இல் இலண்டனில் ஜோன் லோகி பெயர்ட் 30 கோடுகளில் ஒரு முகத்தைக் காட்டினார். அவர் தொடக்கத்தில் கருவி செய்தது தொப்பிப் பெட்டி, தையல் ஊசி, சைக்கிள் விளக்குக் கண்ணாடி போன்ற வீட்டுச் சாமான்களால். அதே ஆண்டு டிசெம்பர் 25ஆம் நாள் ஜப்பானில் கென்ஜிரோ தகயனாகி, கண்ணாடிக் குழாய்த் திரையில் ஒரே ஒரு ஜப்பானிய எழுத்தை 40 கோடுகளில் தோன்றச் செய்தார். அதே ஜப்பானில் அதே காலத்தில்தான் ஹிடெட்சுகு யாகியும் ஷின்டாரோ உடாவும் நம் கூரைகளில் நின்ற அந்த மீன்முள் அன்ரனாவை உருவாக்கினார்கள்.

அந்த முள்ளைக் கொஞ்சம் கிட்டப் பார்ப்போம். பின்னால் இருக்கும் நீளமான குச்சி அலையைத் திருப்பி முன்னால் அனுப்பும். அதற்கு அடுத்த குச்சியில்தான் வயர் பூட்டியிருக்கும். முன்னால் வர வரச் சிறுக்கும் குச்சிகள் அலையை அந்த வயர்க் குச்சிக்கு வழிகாட்டி விடும். சிறிய முனை எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கத்து நிலையம்தான் நன்றாகக் கேட்கும், தெரியும். எனவே ஒரு வீட்டின் அன்ரனாவைப் பார்த்தே அந்த வீட்டார் எந்த நாட்டுப் படம் பார்க்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். மேற்கே நீட்டியிருந்தால் இந்தியா, தென்கிழக்கே நீட்டியிருந்தால் இலங்கை.

இப்போது நம் ஊருக்கு வருவோம். இலங்கையின் முதல் தொலைக்காட்சி நிலையம் 1979 ஏப்ரல் 13இல் தொடங்கியது. அதன் அலை கொழும்புப் பக்கத்தோடு நின்றுவிட்டது. ஜப்பானின் உதவியோடு கட்டப்பட்ட ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15இல் ஒளிபரப்பைத் தொடங்கியது. அதன் முதன்மைக் கோபுரம் நாட்டிலேயே உயரமான பிதுருதலாகல மலையில், 2,524 மீற்றர் உயரத்தில் நின்றது. ஆனாலும் வடக்கு எட்டாத தூரம். நமக்குத் தென்கிழக்கே கொக்காவிலில் இருந்த அஞ்சல் கோபுரம் அந்த அலையை வாங்கி நமக்குத் தந்தது.

மறுபக்கம் இந்தியா. சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கியது. 1980களின் பிற்பகுதியில் கொடைக்கானல் மலையில் வலுவான ஒளிபரப்பி வந்தபோது தீவகத்துக்கு யோகம் அடித்தது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீற்றர் உயரம். நெடுந்தீவிலிருந்து நேர்கோட்டில் ஏறக்குறைய 250 கிலோமீற்றர். பூமி உருண்டை ஆகையால், கணக்குப்படி அந்த அலை 200 கிலோமீற்றருக்குச் சற்று அப்பால் நம் தலைக்கு மேலால் வானத்துக்குப் போயிருக்க வேண்டும். போகாமல் கீழே வளைந்ததற்குக் காரணம் கடல். கடலை ஒட்டிய காற்று குளிர்ந்து ஈரமாகவும், அதன் மேலே உள்ள காற்று உலர்ந்து சூடாகவும் இருக்கும் நேரங்களில், கடலுக்கும் அந்த மேற்படைக்கும் இடையில் அலை வாய்க்கால் தண்ணீர் போல அகப்பட்டுக்கொள்ளும். பூமியின் வளைவோடு தானும் வளைந்து வெகுதூரம் ஓடும். கடல் அசையாமல் கிடந்த இரவுகளில் படம் கண்ணாடி போல வந்ததும், காற்று மாறிய மறுநாள் வெறும் பூச்சியாகப் பறந்ததும் இதனால்தான். பழி அன்ரனா பிடித்த அண்ணன் தலையில் விழுந்தது. உண்மையில் அது அவர் பிழை அல்ல.

வெள்ளிக்கிழமை இரவு சென்னைத் தொலைக்காட்சியில் ‘ஒளியும் ஒலியும்’ என்ற திரைப்பாடல் நிகழ்ச்சி வரும். பெட்டி இருந்த வீட்டு விறாந்தையில் பாய் விரித்து, பெரியவர்கள் கதிரையிலும் பிள்ளைகள் நிலத்திலும், பிந்தி வந்தவர்கள் முற்றத்து மணலிலும் இருப்பார்கள். திடீரென்று படம் கீழிருந்து மேலே ஓடத் தொடங்கும். உழவு எந்தச் சாலில் தொடங்க வேண்டும் என்று நிலையம் ஒவ்வொரு படத்தோடும் ஒரு குறிப்பு அனுப்பும். அலை மெலிந்தால் அந்தக் குறிப்பு தவறிவிடும், பெட்டி இடம் தெரியாமல் உழத் தொடங்கும். பின்பக்கம் ஒரு குமிழ் இருந்தது. அதை நோகாமல் திருப்பி ஓடும் படத்தை நிறுத்தத் தெரிந்தவருக்கு ஊரில் தனி மதிப்பு.

நிறத்தை நான் கண்டுபிடித்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. உறவினர் வீட்டுக்குக் கலர் ரீ.வி. வந்திருந்தது. கிணற்றடியில் கால் கழுவிவிட்டு வந்து, ஈரக் கையைத் திரைக்கு முன்னால் உதறிவிட்டேன். பேச்சு வாங்கிக்கொண்டு துடைக்கப் போனபோது பார்த்தேன், கண்ணாடியில் ஒட்டிய தண்ணீர்த் துளிக்குள் சிவப்பு, பச்சை, நீலம் என்று குட்டிக் குட்டிப் புள்ளிகள். திரையில் அந்த இடம் வெள்ளைச் சேலை. துளிக்குள் வெள்ளையே இல்லை. தண்ணீர்த் துளி உருப்பெருக்கிக் கண்ணாடி போல வேலை செய்திருக்கிறது. கலர்ப் பெட்டியில் மூன்று கற்றைகள், மூன்று நிறப் பொடிகள். மூன்றும் சமமாக ஒளிர்ந்தால் தூரத்தில் இருக்கும் கண்ணுக்கு வெள்ளை. சிவப்பும் பச்சையும் சேர்ந்தால் மஞ்சள். வர்ணப் பெட்டியில் சிவப்பையும் பச்சையையும் குழைத்தால் சேற்று நிறம்தான் வரும், ஒளி அப்படியல்ல.

1990இல் போர் மீண்டும் மூண்டது. குடாநாட்டுக்கு வந்த மின்சாரம் நின்றது, கொக்காவில் கோபுரம் அழிந்தது. தீவக மக்களில் பெரும்பகுதியினர் வீடு வாசலை விட்டு இடம்பெயர்ந்தார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டதைப் போன இதழில் எழுதியிருந்தேன். அந்த டைனமோ ரீ.வி.க்குக் காணாது. சிறிய கறுப்பு வெள்ளைப் பெட்டிகளைக் கார் பற்றரியில் பூட்டிப் பார்த்தார்கள். கொண்டாட்டம் என்றால் ஜெனரேற்றரும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் போட்டார்கள். ஆளில்லாத தீவக வீடுகளின் கூரைகளில் அன்ரனாக்கள் மேற்கைப் பார்த்தபடி துருவேறி நின்றன. கடலுக்கு அப்பால், நெடுந்தீவிலிருந்து 50 கிலோமீற்றர் அளவில் இருக்கும் இராமேஸ்வரத்தில், 1990களில் 323 மீற்றர் உயரத்துக்கு ஒரு தொலைக்காட்சிக் கோபுரம் எழுந்தது. நம் வீடுகளில் அதைப் பார்க்க அப்போது ஆளுமில்லை, மின்சாரமும் இல்லை. கொக்காவிலில் 174 மீற்றர் உயரமான புதிய கோபுரம் 2011இல்தான் திறக்கப்பட்டது.

இன்று உங்கள் வீட்டில் இருப்பது தட்டைத் திரை. அதில் கழுத்தும் இல்லை, கற்றையும் இல்லை, உழவும் இல்லை. திரைக்குப் பின்னால் வெள்ளை வெளிச்சம் எப்போதும் எரிகிறது. முன்னால் திரவப் பளிங்கால் ஆன மிகச் சிறிய கதவுகள். 1920 நிரல், 1080 நிரை என்றால் 20 இலட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று கதவுகள். மின்சாரம் கதவை எவ்வளவு திறக்கிறதோ அவ்வளவு வெளிச்சம் வெளியே வரும். இந்தத் திரவப் பளிங்கை 1888இல் பிரெட்ரிக் ரெய்னிட்சர் என்ற ஒஸ்ரியத் தாவரவியலாளர் கரட்டிலிருந்து எடுத்த பொருளை ஆராயும்போது தற்செயலாகக் கண்டார். முழுப் படமும் இப்போது திரையில் நிலையாக நிற்கிறது. ஆனால் அதற்கான செய்தி இன்றும் வரிசை வரிசையாகத்தான் வந்து சேர்கிறது. கைத்தொலைபேசித் திரையில் ஒரு சின்னத் தண்ணீர்த் துளியை வைத்துப் பாருங்கள், நான் கண்ட அதே மூன்று நிறங்கள் தெரியும்.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு வீடுகளில் இந்தத் திரைகள் நெடுங்காலமாக டீசல் இயந்திர மின்சாரத்தில்தான் எரிந்தன. இந்த மூன்று தீவுகளுக்கும் சூரியனும் காற்றும் சேர்ந்து மின்சாரம் தரும் திட்டத்துக்கு இந்தியாவின் நன்கொடையோடு 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது.

வீட்டுக் கோடியில் பழைய பெட்டி கிடந்தால் அதைக் கழற்ற வேண்டாம். கலர்க் குழாய்க்குள் 25,000 வோல்ற் அளவுக்கு மின்னழுத்தம் ஏறும், வயரைப் பிடுங்கிய பிறகும் கொஞ்சம் தங்கியிருக்கும். குழாய் உடைந்தால் கண்ணாடி சிதறும். ஆனால் எறிந்துவிடவும் வேண்டாம். ஒரு படம் எடுத்து வையுங்கள். அப்பப்பா, அம்மம்மாவிடம் மூன்று விடயங்களைக் கேளுங்கள்: முதல் ரீ.வி. யார் வீட்டுக்கு வந்தது, அன்ரனா எந்தத் திசையைப் பார்த்து நின்றது, முதன்முதல் திரையில் தெரிந்தது என்ன. கேட்டதை உங்கள் கொப்பித் தாளில் எழுதி எங்களுக்கு அனுப்புங்கள். எனக்குத் தெரிந்தவரை தீவகத்துத் தொலைக்காட்சியின் வரலாற்றை இதுவரை யாரும் முழுமையாக எழுதி வைக்கவில்லை.